கவராயம் பிடித்த கடவுள்



சமயமும் கலையும் என்ற பொருளில் நடக்கும் இந்தச் சொற்பொழிவு வரிசையில் எனக்கு முன்னால் பேசியவர்கள் கோபுரங்களைப் பற்றியும் செப்புத் திருமேனிகளைப் பற்றியும் பேசியிருக்கிறார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது உள்ளங்கையில் அடங்கிவிடும் ஒரு பென்சில் படம். அதை வரைந்தவர் அதை யாருக்கும் காட்டுவதற்காக வரையவில்லை. சட்டம் போட்டு மாட்டவும் இல்லை. தன்னுடைய குறிப்பேட்டில், கையில் கிடைத்த ஒரு பக்கத்தில், வேகமாகக் கிறுக்கிப் பார்த்தார், அவ்வளவுதான். வரைந்தவர் ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக். படத்தில் இருப்பவர் கடவுள். 'கடவுள்தானா?' என்ற சந்தேகத்தைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

முதலில் அந்தக் குறிப்பேடு. இப்போது அது லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. கூடுதல் சுவடிகள் வரிசையில் அதன் எண் 49460. மொத்தம் 58 தாள்கள். உயரம் 20 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு, அகலம் 16 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் சின்ன நோட்டு அளவு. அது முதலில் பிளேக்குடையது அல்ல. அவருடைய செல்லத் தம்பி ராபர்ட்டினுடையது. ராபர்ட்டும் ஓவியம் கற்றவர். தொடக்கப் பக்கங்களில் அவர் போட்ட படங்கள் இன்றும் இருக்கின்றன. 1787 பிப்ரவரியில், இளம் வயதிலேயே ராபர்ட் நோயில் இறந்துபோனார். அண்ணன் பல இரவுகள் கண் விழித்துப் பக்கத்திலேயே இருந்தார். உயிர் பிரிந்தபோது தம்பியின் ஆவி கைதட்டி மகிழ்ந்தபடி கூரையைத் தாண்டி மேலே போனதைக் கண்டதாகப் பின்னால் சொன்னார். ஈமக் கடன் முடிந்து, மீதியிருந்த வெற்றுத் தாள்களோடு அந்த நோட்டு அண்ணனிடம் வந்தது. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் அவர் அதைக் கீழே வைக்கவில்லை.

அதில் இல்லாதது இல்லை. முதலில் பக்கத்துக்கு ஒன்றாக நடுவில் சின்னச் சின்னப் பென்சில் படங்கள். பிறகு நோட்டைத் தலைகீழாகத் திருப்பி, பின்பக்கத்திலிருந்து கவிதைகள். புலியைப் பற்றியும் லண்டன் நகரத்தைப் பற்றியும் அவர் எழுதி உலகம் முழுக்கப் பாடப்புத்தகங்களில் ஏறிய கவிதைகள் அடித்தலும் திருத்தலுமாக அங்கேதான் பிறந்தன. அப்புறம் உரைநடைக் குறிப்புகள், ராயல் அகாதமித் தலைவராக இருந்த ஜோஷுவா ரேனால்ட்ஸ் மேல் வசைகள், பணமில்லாத நாட்களின் புலம்பல்கள். காலியிடம் இருந்தால் போதும், எழுதிவிடுவார். படத்தைச் சுற்றி எழுத்து, எழுத்தின் மேல் எழுத்து, பென்சிலின் மேல் மை. மங்கிப்போன பென்சில் கோடுகளை மீட்க டேவிட் எர்ட்மன் என்ற அறிஞர் அகச்சிவப்புப் புகைப்படங்களின் துணையை நாட வேண்டியிருந்தது. அவருடைய பதிப்பு 1973இல் வந்தது.

அந்த நோட்டின் 96ஆம் பக்கத்தில் நம்முடைய படம். குனிந்த ஒரு கிழவர், கீழ்நோக்கி நீண்ட ஒரு கை, கையில் விரித்த கவராயம். கணக்கு வகுப்பில் வட்டம் போட வைத்திருந்தோமே, அதே கவராயம்தான். கூடவே பிளேக் தன் கையால் ஒரு கேள்வியையும் எழுதி வைத்திருக்கிறார். எல்லையில்லாத ஒன்றுக்கு எல்லை கட்ட யாரால் ஆகும் என்ற பொருள்படும் கேள்வி. நான் இன்றைக்குச் சொல்லவிருப்பது முழுவதும் இந்தக் கேள்வியையும் இந்தக் கையையும் சேர்த்துப் பார்ப்பதிலிருந்து வருவதுதான்.

இந்தக் கிறுக்கல் 1794இல் 'யூரோப்' என்ற அவருடைய தீர்க்கதரிசன நூலுக்கு முகப்புப் படமாக வளர்ந்தது. படத்தில் தலைப்பு எதுவும் கிடையாது. தானியேல் ஆகமத்தில் வருகிறாரே, வெண்பஞ்சு போன்ற தலைமுடியோடு சிங்காசனத்தில் அமர்ந்திருக்கும் நீண்ட ஆயுசுள்ளவர், அவர் பெயராலேயே பிறகு அது அழைக்கப்பட்டது. பலர் பார்த்திருப்பீர்கள். கறுத்த மேகங்களுக்கு நடுவே தங்கமும் சிவப்புமாக எரியும் ஒரு வட்டு. அதற்குள் ஒரு முழங்காலை மடித்துக் குந்தியிருக்கும் ஆடையற்ற முதியவர். வட்டைத் தாண்டி இருட்டுக்குள் அவருடைய இடக்கை இறங்குகிறது. விரல்களிலிருந்து ஒளிக்கதிர்போல் கவராயத்தின் இரண்டு கால்கள் விரிகின்றன. தலைமுடியும் தாடியும் பக்கவாட்டில் பறக்கின்றன.

அந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? படத்தில் பதில் இல்லை. என் கணிப்பில் படத்தின் திறவுகோலே அதுதான். எல்லாவற்றையும் படைத்து அளப்பவர் என்றால் அவர் தாடியைக் கலைக்கும் காற்று அவருடைய ஆட்சிக்கு வெளியிலிருந்து அல்லவா வீசுகிறது! அவர் அளக்காத ஏதோ ஒன்று ஏற்கெனவே அங்கே இருக்கிறது. உடம்பையும் பாருங்கள். நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும் இடத்தில் முடங்கியிருப்பவரைப்போல் வட்டுக்குள் குறுகி இருக்கிறார். கம்பீரம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் விடுதலை இல்லை.

இதை எப்படி அச்சிட்டார் என்பதையும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பிளேக்குக்குத் தொழிலும் தரிசனமும் தனித்தனி அல்ல. அவர் செப்புத் தகட்டில் படம் செதுக்கும் தொழிலாளி. 1772இல், பதினான்கு வயதில், ஜேம்ஸ் பஸையர் என்ற செதுக்குநரிடம் ஏழு ஆண்டு ஒப்பந்தத்தில் தொழில் பழகச் சேர்ந்தார். குரு அவரை வெஸ்ட்மின்ஸ்டர் அபேக்கு அனுப்பி, அங்குள்ள மன்னர் கல்லறைச் சிற்பங்களைப் படம் எடுத்து வரச் செய்தார். அளவு பிசகாமல் எடுத்து வர வேண்டும். சுருக்கினாலும் பெருக்கினாலும் விகிதம் கெடக் கூடாது. கவராயம் இல்லாமல் அந்த வேலை நடக்காது. பிளேக் தம் கடவுளின் கையில் கொடுத்த கருவி, அவர் தம் மேசையிலேயே கிடந்த கருவி.

வழக்கமான முறையில் தகட்டைக் கீறிப் பள்ளமாக்கி, பள்ளத்தில் மை நிரப்பி அச்சிடுவார்கள். பிளேக் அதைப் புரட்டிப் போட்டார். அமிலம் தின்னாத ஒரு மெழுகுக் கலவையைத் தூரிகையில் தொட்டு, எழுத்தையும் படத்தையும் நேராகத் தகட்டின் மேலேயே போட்டார். பிறகு அமிலத்தை ஊற்றினால் சுற்றியுள்ள செம்பு கரைந்து கோடுகள் மட்டும் மேடாக நிற்கும். மேட்டில் மை தடவித் தாளை அழுத்த வேண்டியதுதான். தாளில் எல்லாம் இடம் வலமாக மாறி விழும் என்பதால் கவிதை முழுவதையும் கண்ணாடியில் தெரிவதுபோல் தலைமாற்றி எழுதியாக வேண்டும். இந்த உபாயத்தைத் தனக்குச் சொல்லிக்கொடுத்தது இறந்துபோன தம்பி ராபர்ட், ஓர் இரவு தோன்றிச் சொன்னான் என்பது பிளேக்கின் வாக்குமூலம். அச்சான தாள்களுக்கு அவரும் மனைவி கேத்தரினும் ஒவ்வொன்றாகக் கையால் வண்ணம் தீட்டினார்கள். 1782இல் திருமணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதிலாகக் குறி போட்ட பெண் அவர். கணவரிடம் படிக்கவும் அச்சுப் பொறி ஓட்டவும் வண்ணம் பூசவும் கற்றுக்கொண்டார். 'யூரோப்' பிரதிகளில் ஒன்றின் வண்ணம்போல் இன்னொன்றில் இருக்காது.

இப்படி வந்த படத்தை உலகம் என்ன செய்தது? 1933இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் மையத்து முதன்மைக் கட்டடத்தின் வாசலுக்கு மேல் லீ லாரி என்ற சிற்பி, பிளேக்கின் கிழவரை அடியொற்றி, கவராயம் ஏந்திய ஒரு பெரிய உருவத்தைச் செதுக்கி வைத்தார். பெயர், 'ஞானம்'. வியாபாரப் பேரரசு ஒன்றின் நுழைவாயிலில் ஞானத்தின் அடையாளமாக. 2019 நவம்பரில் டேட் பிரிட்டன் கலைக்கூடம் பிளேக் கண்காட்சியை ஒட்டி, அவருடைய பிறந்தநாளில் இந்தப் படத்தை லண்டன் செயின்ட் பால் பேராலயத்தின் குவிமாடத்தின் மேல் ஒளிப்படமாக வீசிக் காட்டியது. உள்ளங்கை அளவில் தொடங்கிய உருவம் பேராலயத்தின் தலைமேல் ஏறி உட்கார்ந்தது. பார்த்தவர்கள் கைகூப்பியிருந்தால் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வெறும் கண்ணால் பார்த்தால் கைகூப்பத் தோன்றும் படம்தான். ஆனால் நோட்டில் பக்கத்திலேயே இருந்த கேள்வி குவிமாடத்தில் இல்லை.

கவராயம் ஏந்திய கடவுள் பிளேக்கின் கற்பனை அல்ல. நீதிமொழிகள் எட்டாம் அதிகாரத்தில், ஆழத்தின் மேல் வட்டம் வரையப்பட்டபோது தான் உடனிருந்ததாக ஞானம் பேசுகிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்தில் உருவாகி இப்போது வியன்னாவில் இருக்கும் ஒரு விவிலியச் சுவடியின் முகப்பில், குனிந்து நின்று கவராயத்தால் உலகை வளைக்கும் படைப்பாளியைக் காணலாம். மில்டனின் 'இழந்த சொர்க்கம்' ஏழாம் காண்டத்தில் பொற்கவராயம் எடுத்துப் பிரபஞ்சத்துக்கு எல்லை கீறுபவர் திருக்குமாரன். இந்த மரபு முழுவதிலும் கவராயம் என்றால் ஒழுங்கு, நன்மை, பேரறிவு. குழப்பத்திலிருந்து உலகைக் காப்பாற்றிய கருவி. பிளேக் மில்டனை வரிக்கு வரி அறிந்தவர். அறிந்தே குமாரனை எடுத்துவிட்டுக் கிழவரை வைத்தார்.

அந்தக் கிழவருக்கு அவர் வைத்திருந்த பெயர் யூரிசன். 'யூரோப்' வந்த அதே 1794இல் யூரிசனுக்கென்றே ஒரு நூலும் போட்டார். யூரிசன் சட்டம் எழுதுபவர், அளப்பவர், பிரிப்பவர், தடுப்பவர். முழுமையாக இருந்த ஒன்றிலிருந்து தன்னைக் கத்தரித்துக்கொண்டு, தான் கத்தரித்ததையே உலகம் என்று அறிவித்தவர். தேவாலயங்கள் வணங்குவது இவரைத்தான், உண்மையான தெய்விகம் இவருக்கு அப்பால் இருக்கிறது என்பது பிளேக்கின் வழக்கு. இதே தாடிக்காரரை வேறு வேடத்திலும் பார்க்கலாம். குறிப்பேட்டின் சின்னப் படங்களிலிருந்து பொறுக்கி எடுத்து 1793இல் பிள்ளைகளுக்காக ஒரு சிறு படநூல் வெளியிட்டார். அதில் ஒரு பக்கத்தில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு முதியவர் சாவகாசமாக உட்கார்ந்து, தப்பித்துப் பறக்கப் பார்க்கும் ஒரு பிள்ளையின் சிறகைப் பிடித்துக் கத்தரிக்கோலால் நறுக்குகிறார். கத்தரிக்கோலையும் கவராயத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு கால், நடுவில் ஓர் ஆணி. பிளேக் அந்த வடிவ ஒற்றுமையைக் கவனிக்காமல் இருந்திருப்பார் என்று நான் நம்பமாட்டேன். செதுக்குநரின் கண் அது.

1795இல் நியூட்டன். கட்டுமஸ்தான ஓர் இளைஞர், பாசி படர்ந்த பாறையில் உட்கார்ந்து, தரையில் விரித்த சுருளின் மேல் கவராயத்தை ஊன்றிக் குனிந்திருக்கிறார். பின்னால் எத்தனையோ வண்ணங்களில் மின்னும் பாறையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இதற்கு ஒரு வேடிக்கையான பின்கதை உண்டு. எடுவார்டோ பாலோஸி என்ற சிற்பி இந்த நியூட்டனை மாபெரும் வெண்கலச் சிலையாக 1995இல் வார்த்தார். அது நிற்பது பிரிட்டிஷ் நூலகத்தின் முற்றத்தில். அளவைக்குள் உலகத்தை அடக்கப் பார்ப்பவர்களைச் சாடிய குறிப்பேடு உள்ளே, சாடப்பட்டவர் வாசலில் காவல்.

இந்த இடத்தில் நம் அவையில் சிலருக்கு நிந்தாஸ்துதி நினைவு வரும். தெய்வத்தை ஏசியே போற்றும் மரபு நமக்குப் புதிதல்ல; இறைவனோடு உரிமையோடு மல்லுக்கு நின்ற சுந்தரரை வன்தொண்டர் என்று பட்டம் சூட்டிக் கொண்டாடியவர்கள் நாம். ஆனால் பிளேக்கை அந்த வரிசையில் சேர்ப்பது அவசரம். நிந்தாஸ்துதியில் ஏசப்படுபவரும் போற்றப்படுபவரும் ஒருவரே. ஏசுகிற உரிமையே நெருக்கத்தின் சான்று. பிளேக் சொல்வது வேறு: சிம்மாசனத்தில் இருப்பவர் ஆள் மாறி உட்கார்ந்திருக்கிறார். இது ஊடல் அல்ல, வழக்கு.

ஆனாலும் எதிரியின் படத்தை இவ்வளவு அழகாகவா வரைவார்கள்? கேலிச்சித்திரமாகப் போட்டிருக்கலாமே. கத்தரிக்கோல் கிழவரில் அந்தக் கேலி இருக்கிறது. கவராயக் கிழவரில் இல்லை. ஏன் என்று புரிய, குறிப்பேட்டுக்கே திரும்ப வேண்டும்.

96ஆம் பக்கத்துக்கு முந்தைய பக்கம் 95. 1810 வாக்கில், கவராயப் படம் போட்டுப் பதினாறு, பதினேழு ஆண்டுகள் கழித்து, பிளேக் தாம் தீட்டிய இறுதித் தீர்ப்பு ஓவியத்துக்கு ஒரு விளக்கம் எழுதத் தொடங்கினார். நோட்டில் எங்கெங்கே இடமிருந்ததோ அங்கெல்லாம் துண்டு துண்டாக எழுதிக்கொண்டே போய், 95ஆம் பக்கத்தில் முடித்தார். முடிவில் வருவது சூரியனைப் பற்றிய பேச்சு. சூரியன் உதிக்கும்போது கினி நாணயம்போல் வட்டமான ஒரு நெருப்புத் தட்டுத்தானே தெரிகிறது என்று யாரோ கேட்பதாக வைத்துக்கொண்டு, இல்லவே இல்லை, எனக்குத் தெரிவது கூட்டமாக நின்று துதி பாடும் வானோர் சேனை என்று பதில் சொல்கிறார். கண்ணைக் கொண்டு பார்ப்பதில்லை, கண்ணின் ஊடாகப் பார்க்கிறேன், சன்னலைப் போய் யாரும் சாட்சி கேட்பார்களா என்பது அவருடைய வாதம்.

இதைப் படித்துவிட்டு அடுத்த பக்கத்துக் கிழவரை நினையுங்கள். அச்சில் அவர் எங்கே அடைபட்டிருக்கிறார்? வட்டமான ஒரு நெருப்புத் தட்டுக்குள்ளே. சூரியன் தட்டாகத் தெரியும் கண் எதுவோ, அந்தக் கண்ணின் கடவுள் அவர். கவராயத்தால் போட முடிந்த உருவம் வட்டம். அந்த வட்டமே அவருக்குச் சிறை. 1810இல் பிளேக் பழைய படத்தைப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதினார் என்று சாதிக்க வரவில்லை. இடம் தேடி எழுதிக்கொண்டு போனவருக்கு அந்தப் பக்கம் தற்செயலாக வாய்த்திருக்கலாம். ஆனால் நோட்டைப் புரட்டிக்கொண்டே எழுதியவரின் கண்ணில் அடுத்த பக்கம் படாமல் இருந்திருக்குமா?

இனி நான் சொல்ல வந்த விஷயம். கட்டற்றதைக் கட்டக் கூடாது என்று வாழ்நாள் முழுக்கப் பேசிய இதே மனிதர், ஓவியம் என்று வரும்போது நேர் எதிர்க்கட்சியில் நின்றார். 1809இல் சகோதரரின் கடை மாடியில் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். அதற்குத் தாமே எழுதிய விவரப் பட்டியலில், எல்லைக்கோடுதான் கலையின் உயிர், கோடு எவ்வளவு தெளிவாகவும் கூர்மையாகவும் இருக்கிறதோ அவ்வளவுக்குக் கலை உயர்ந்தது என்று வாதாடினார். வண்ணத்தைக் குழைத்து விளிம்பை மங்கலாக்கும் ரூபன்ஸும் ரெம்பிராண்டும் அவருக்கு ஆகாதவர்கள். மங்கல் என்றால் ஏமாற்று. கோடு போய்விட்டால் உயிரே போய்விட்டது, எல்லாம் மறுபடி குழப்பம்தான், அந்தக் குழப்பத்தின் மேல் சர்வவல்லவரின் கோடு மறுபடியும் கீறப்பட்டாக வேண்டும் என்கிற அளவுக்குப் போகிறார்.

குழப்பத்தின் மேல் கோடு கீறுவது யார் வேலை? 96ஆம் பக்கத்துக் கிழவரின் வேலை. கையைக் கீழே நீட்டி, இருட்டின் மேல் குனிந்து, ஒரு கருவியால் எல்லை வரைகிற அந்த உருவத்தை, வெற்றுத் தாளின் மேல் குனிந்து பென்சிலால் எல்லை வரைந்துகொண்டிருந்தவர் வரைந்தார். தோள் வளைவது, மணிக்கட்டு இறங்குவது, விரல் விரிவது எல்லாம் ஒரே பாடு. செப்புத் தகட்டின் மேல் ஆண்டுக்கணக்கில் குனிந்த முதுகு எப்படி இருக்கும் என்பது அவருக்கு யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யூரிசனை அவர் வெளியிலிருந்து வரையவில்லை என்றே நினைக்கிறேன். எல்லை கட்ட யாரால் ஆகும் என்று அவர் பென்சிலால் எழுதியபோது, அந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டிய குற்றவாளியாக அந்தப் பென்சிலே கையில் இருந்தது. அதனால்தான் கேலி வரவில்லை. பகையும் பாசமுமாக ஒரு பேரழகு வந்தது.

இதற்கு ஆய்வாளர்கள் தரப்பிலிருந்து ஒரு மறுப்பு வரலாம். பிளேக் இதைத் தரிசனமாகக் கண்டார் அல்லவா? லாம்பெத்தில் ஹெர்குலிஸ் பில்டிங்ஸ் வீட்டின் மாடிப்படி உச்சியில், தம் தலைக்கு மேல் இந்த உருவம் தோன்றியதாகவும், வேறு எந்தக் காட்சியும் இதுபோலத் தம்மை உலுக்கியதில்லை என்றும் அவர் சொன்னதாக, அவரை நேரில் அறிந்த ஜே. டி. ஸ்மித் 1828இல் எழுதி வைத்திருக்கிறார். தரிசனமாக வந்ததை அவருடைய தொழில் முதுகோடு முடிச்சுப் போடலாமா?

போடலாம். பிளேக்கிடம் தரிசனம் பென்சிலைத் தள்ளிவைக்கவில்லை. பென்சில் வழியாகத்தான் வந்தது. 1819, 1820 வாக்கில் ஜான் வார்லி என்ற நீர்வண்ண ஓவியரின் வீட்டில் இரவு நேரங்களில் அவர் செய்ததைக் கேளுங்கள். வார்லிக்குச் சோதிடத்தில் பித்து. இன்னாருடைய ஆவியைக் கூப்பிடுங்கள் என்பார். பிளேக், எதிரே ஆள் உட்கார்ந்திருப்பதுபோல் அவ்வப்போது நிமிர்ந்து பார்த்துப் பார்த்துப் பென்சிலில் முகத்தை எடுப்பார். ஒரு தெள்ளுப்பூச்சியின் ஆவியைக்கூட அப்படி எடுத்திருக்கிறார். வரைந்துகொண்டிருக்கும்போது அது வாயைத் திறந்துவிட்டது என்று சொல்லி, திறந்த வாயைத் தனியாக ஓரத்தில் போட்டுவிட்டு, அது மறுபடி மூடும்வரை பொறுத்திருந்தாராம். மாதிரியை உட்காரவைத்து வரையும் சாதாரண ஓவியர் செய்கிற காரியம்தானே இது? தரிசனத்தையும் அவர் உட்காரவைத்துத்தான் வரைந்தார். மாடிப்படியில் கண்டது கண்டபடி இருக்கட்டும்; அது நோட்டில் இறங்கியபோது செதுக்குநரின் கை வழியாகத்தான் இறங்கியது.

கடைசிக் காட்சி 1827 ஆகஸ்ட். ஃபவுன்டன் கோர்ட் என்ற சந்தில் இரண்டு அறைகள், அதில் ஒன்றில் படுக்கை. பிளேக்குக்கு அறுபத்தொன்பது வயது. ஃபிரெடெரிக் டேதம் என்ற இளம் கலைஞர், அவரைச் சுற்றியிருந்த சீடர் கூட்டத்தில் ஒருவர், கவராயக் கிழவரின் ஒரு பிரதிக்கு வண்ணம் தீட்டித் தரும்படி கேட்டிருந்தார். கூலி மூன்றரை கினி. தலையணையில் சாய்ந்தபடி பிளேக் மறுபடி மறுபடி அதைத் தொட்டுத் தொட்டுத் தீட்டினார். முடித்ததும் தள்ளிப் பிடித்துப் பார்த்து, இதற்குமேல் என்னால் ஆகாது என்ற பொருள்பட ஏதோ சொல்லி வைத்துவிட்டு, அருகில் அழுதுகொண்டு நின்ற கேத்தரினைப் பார்த்து, அப்படியே இரு, உன்னை வரைகிறேன் என்று பென்சிலை எடுத்தார் என்று சொல்வார்கள். அந்தக் கேத்தரின் படம் நமக்குக் கிடைக்கவில்லை. வண்ணம் தீட்டிய பிரதி மான்செஸ்டர் விட்வொர்த் கலைக்கூடத்தில் இருப்பதுதான் என்பர். 12ஆம் தேதி இறந்தார்.

மூன்றரை கினிக்காகச் செய்தார், அதில் தத்துவம் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கூலிக்காகச் செய்தார், சரிதான். வாழ்நாள் முழுக்கக் கூலிக்குத்தான் செய்தார். ஆனால் கூலிக்காரர் வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிடுவார். திரும்பத் திரும்பத் தொடமாட்டார். தம் எதிரியாகத் தாமே அறிவித்த ஒருவரைச் சாகப்போகும் நேரத்தில் தங்கத்தால் மெருகேற்றிய மனிதரை, பகை என்ற ஒரு சொல்லால் விளக்கிவிட முடியாது.

டேதமின் கதை அங்கே முடியவில்லை. 1831இல் கேத்தரின் இறந்தபின் பிளேக்கின் கையெழுத்துப் பிரதிகள் பெரும்பாலும் அவர் கைக்கு வந்தன. அவர் எட்வர்ட் இர்விங் என்ற போதகரைப் பின்பற்றிய ஒரு தீவிர கிறிஸ்தவ சபையில் சேர்ந்தார். இவை சாத்தானின் தூண்டுதலால் எழுதப்பட்டவை என்று சபையார் சொன்னதைக் கேட்டு ஏராளமானவற்றை அழித்துவிட்டார் என்று சொல்லப்படுகிறது. கவராயக் கிழவரை விலை கொடுத்து வாங்கியவர் கத்தரிக்கோலைக் கையில் எடுத்துவிட்டார்.

குறிப்பேடு தப்பியதற்குக் காரணம் அது அவரிடம் போகாததுதான். கேத்தரின் அதை வில்லியம் பாமர் என்பவருக்குக் கொடுத்திருந்தார். ஓவியர் சாமுவேல் பாமரின் தம்பி, பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஊழியர். 1847 ஏப்ரலில், பின்னாளில் ஓவியராகவும் கவிஞராகவும் பேர்பெற்ற, அப்போது இன்னும் பத்தொன்பது வயது நிரம்பாத தாந்தே கேப்ரியல் ரொசெட்டி, தம் தம்பியிடம் கடன் வாங்கிய பத்து ஷில்லிங்கைக் கொடுத்து பாமரிடமிருந்து அதை வாங்கினார். பிறகு அது அமெரிக்கா போய், 1957இல் நன்கொடையாக அதே பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கே வந்து சேர்ந்தது; அங்கிருந்துதான் பின்னர் பிரிட்டிஷ் நூலகத்துக்குப் போனது. ரொசெட்டி கவிதைகளை உட்கார்ந்து படியெடுத்தார். பிளேக்கை உலகத்துக்குத் திருப்பித் தந்த கில்கிறிஸ்ட்டின் 1863 வாழ்க்கை வரலாற்றுக்கு அந்தப் படிகள்தான் பெரிய துணை. ஆனால் இளம் ரொசெட்டியின் நெஞ்சு குளிர்ந்தது 96ஆம் பக்கத்தைப் பார்த்து அல்ல. அவர் தம்பி எழுதியிருப்பதை நம்பினால், ரேனால்ட்ஸையும் ரூபன்ஸையும் ரெம்பிராண்டையும் பிளேக் ஓரங்களில் விளாசித் தள்ளியிருந்த வசைகளைப் படித்துத்தான்.